ஊர்க் கண்மாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களின் சிறு கண்மாய்களை மனதில் வைத்து எழுதியவை இவை. மற்ற மாவட்டங்களில் பெயர்கள் மாறும். தண்ணீர் ஓடும் விதம் மாறாது.

கண்மாய், ஏரி, குளம், ஊருணி எல்லாம் ஒன்றா?

கண்மாயும் ஏரியும் ஒரே வகைதான். சரிவான நிலத்தின் குறுக்கே மண்கரை போட்டு, மேலிருந்து வரும் தண்ணீரைத் தேக்கி, கரைக்குக் கீழே இருக்கும் வயலுக்கு மடை வழியாக விடுவது. வடமாவட்டங்களில் ஏரி என்றும், திருநெல்வேலிப் பக்கம் குளம் என்றும் சொல்வார்கள். சின்னதாக இருந்தால் தாங்கல், ஏந்தல் என்ற பெயர்களும் உண்டு. ஊர்ப் பெயரின் கடைசியில் அவை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஊருணி வேறு. அது குடிநீருக்காகத் தோண்டியது, அதற்கு ஆயக்கட்டு (பாசன நிலம்) கிடையாது. ஊருணியில் மாட்டை இறக்கினால் ஊர் சண்டைக்கு வரும். கண்மாயில் இறக்கினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு கண்மாயில் எதை எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

தண்ணீர் வரும் வழி வரத்துக்கால். தண்ணீர் நிற்கும் பரப்பு உள்வாய். தடுப்பது கரை, அலை அரிக்காமல் கரையின் உட்புறம் அடுக்கிய கல் அலைகல். வயலுக்குத் தண்ணீர் போகும் வாசல் மடை. நிறைந்தபின் மிச்சம் வழிகிற கல்கட்டு கலுங்கு (எழுத்தில் கலிங்கு). கலுங்கில் வழிந்து ஓடும் தண்ணீர் மறுகால். அதுவே அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்து. மடைத் தண்ணீர் பாயும் நிலம் ஆயக்கட்டு. மடைக்குப் பக்கத்து வயல் தலைமடை, கடைசி வயல் கடைமடை.

இதில் ஒன்றை மாற்றினால் மற்றவை எல்லாம் மாறும். கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

எங்கள் கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது? யாரிடம் மனு கொடுப்பது?

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு (100 ஏக்கர்) மேல் என்றால் பொதுவாக நீர்வளத்துறை. அதற்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். குட்டையும் ஊருணியும் ஊராட்சி. நிலம் யாருடைய பராமரிப்பில் இருந்தாலும் புறம்போக்கு என்ற முறையில் கணக்கு வருவாய்த்துறையிடம். அதனால் கரை, மடை, கலுங்கு பழுதுக்கு முதல் இருவரில் ஒருவர். அளவை, ஆக்கிரமிப்புக்கு வட்டாட்சியர். மனு தவறான மேசைக்குப் போனால் மாதக்கணக்கில் சுற்றும். மேலே கண்மாயின் பெயர், வருவாய்க் கிராமம், புல எண், ஆயக்கட்டு ஏக்கர் நான்கையும் எழுதுங்கள். ஒரே கிராமத்தில் 'பெரிய கண்மாய்' இரண்டு இருப்பது சாதாரணம்.

குடிமராமத்து என்பது அரசுத் திட்டமா, பழைய வழக்கமா?

இரண்டும். பாசனம் செய்கிறவர்களே ஆளுக்கு இத்தனை நாள் என்று இறங்கி வரத்துக்கால் வெட்டுவது, கரையில் மண் போடுவது, மடையைச் சீர் செய்வது பழைய வழக்கம். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரியைக் கவனிக்கத் தனி ஏரி வாரியமே வருகிறது. 1858-ல் சென்னை மாகாணத்தில், கரை உடையும் ஆபத்துக் காலத்தில் ஊரார் வேலைக்கு வந்தாக வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். 2017 மார்ச்சில் தமிழக அரசு அதே பெயரில் 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளைத் தொடங்கியது. பாசனதாரர் சங்கத்தின் பங்கு 10 சதவீதம், பணமாகவோ உழைப்பாகவோ. பழைய வழக்கத்தில் வேலையை முடிவு செய்ததும் செய்ததும் ஒரே கூட்டம். திட்டத்தில் மதிப்பீடு வேறொருவர் போடுவார். ஆகவே மதிப்பீடு தயாராகும்போதே பொறியாளரோடு சங்கம் கரையில் நடந்து போக வேண்டும். வேலை ஆரம்பித்தபின் போய்ப் பேசிப் பயனில்லை.

எங்கள் கண்மாய் எவ்வளவு பிடிக்கும்? எத்தனை ஏக்கருக்குக் காணும்?

நீர்ப்பரப்பைச் சராசரி ஆழத்தால் பெருக்குங்கள். கண்மாய் தட்டு மாதிரி. மடைப் பக்கம் ஆழம், உள்வாய் ஓரத்தில் கணுக்கால். அதனால் சராசரி ஆழம், மடையடி ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குவரைதான் வரும்.

50 ஏக்கர் (20 ஹெக்டேர்) நீர்ப்பரப்பு, மடையடியில் 3 மீட்டர் என்று வையுங்கள். சராசரி 1.2 மீட்டர். கொள்ளளவு 2,40,000 கன மீட்டர், அதாவது சுமார் 85 லட்சம் கன அடி. நெல்லுக்கு மொத்தம் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று எடுத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,850 கன மீட்டர். ஆக, ஒரு நிறைப்புக்கு 49 ஏக்கர், கணக்குப்படி.

நடப்பில் அது கிடைக்காது. திறந்த தண்ணீரிலிருந்து நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகப் போகும். 20 ஹெக்டேர் பரப்பில் அது 1,000 கன மீட்டர்: 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் 80 லாரிக்கு மேல், ஒவ்வொரு நாளும். பூமிக்குள் இறங்குவது தனி. மறுபக்கம், ஐப்பசி கார்த்திகையில் மழையே வயலுக்கு ஒரு பங்கு கொடுத்துவிடும், கண்மாயும் இரண்டாம் முறை பெருகலாம். இந்த ஏற்ற இறக்கத்தால்தான் எத்தனை ஏக்கர் நாற்று விடலாம் என்பதை ஆவணியிலேயே முடிவு செய்யாமல், கண்மாய்க்குத் தண்ணீர் வந்தபின் மட்டத்தைப் பார்த்து ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்வார்கள்.

தூர்வாரினால் தண்ணீர் பெருகும்தானே? ஏன் அதை முதல் வேலையாகச் சொல்லவில்லை?

எல்லா மனுவிலும் முதல் வரி 'தூர்வாரித் தர வேண்டும்' என்பதுதான். ஆனால் மேலே சொன்ன அதே கண்மாயில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 ஹெக்டேர் முழுவதும் 10 சென்டிமீட்டர் வாரினால் 20,000 கன மீட்டர் மண். டிராக்டர் டிப்பருக்கு 3 கன மீட்டர் என்றால் 6,600 நடைக்கு மேல். அதனால் கூடுதலாகக் கிடைப்பது நான்கு ஏக்கர் நெல்லுக்கான தண்ணீர். அதுவும் கண்மாய் நிறைந்தால்தான்.

வரத்துக்கால் பக்கம் வாருங்கள். விநாடிக்கு 10 கன அடி வீதம் ஒரே ஒரு நாள் கூடுதலாகத் தண்ணீர் வந்தால் 24,000 கன மீட்டருக்கு மேல். ஆறாயிரம் நடை மண் அள்ளியதற்கு மேலான பலனை, அடைபட்ட ஒரு கால்வாயைத் திறந்துவிட்டால் ஒரே மழையில் பெற்றுவிடலாம்.

கண்மாய் நிறையாததற்குக் காரணம் மண்மேடு என்று தோன்றுவது, மண்மேடு கண்ணுக்குத் தெரிவதால். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் வரத்துக்காலின் மேல் ஒருவர் தென்னை வைத்திருப்பது கரையில் நின்று பார்த்தால் தெரியாது. எனவே வேலை வரிசை எப்போதும் இதுதான்: வரத்துக்கால், கலுங்கு, மடை, கரை, கடைசியாகத் தூர். தூர்வாரவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. மடை முகத்தில் மண் ஏறி அடைத்திருந்தால் அதை உடனே எடுத்தாக வேண்டும்.

வரத்துக்கால் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும் 'அ' பதிவேடும் (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு) இருக்கும். பதிவேட்டில் 'வாய்க்கால்', 'ஓடை', 'கால்வாய் புறம்போக்கு' என்றிருக்கும் புல எண்களை எல்லாம் குறித்துக்கொண்டு, வரைபடத்தில் வண்ணம் தீட்டுங்கள். கோடு தானாகத் தெரியும். ஒவ்வொரு புல எண்ணுக்கும் புலப்பட நகல் எடுத்தால் கால்வாயின் அகலம் மீட்டரில் இருக்கும். பழைய ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக நடங்கள். கோடையில் நடந்தால் பாதிதான் தெரியும். நல்ல மழை பெய்த மறுநாள் காலை நடந்தால் தண்ணீரே எங்கே முட்டி நிற்கிறது என்று காட்டிவிடும்.

முட்டி நிற்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று, சாலைக்கு அடியில் போட்ட குழாய்ப் பாலம்: 12 அடி கால்வாய்க்கு இரண்டடிக் குழாய் ஒன்று போட்டிருப்பார்கள், அதுவும் கால்வாய் அடிமட்டத்துக்கு மேலே. இரண்டு, வயலுக்கு வண்டி போகக் கொட்டிய மண். மூன்று, சீமைக்கருவேலம் மூடிய பகுதி. முதலாவதற்குச் சாலைத்துறையிடம் பெட்டிப் பாலம் கேட்க வேண்டும். இரண்டாவதற்குப் பேசித் தீர்ப்பதே நல்லது; வண்டிக்காரருக்கும் வழி வேண்டும், அடியில் குழாய் வரிசை போட்டுத் தரலாம். வெட்டிய மண்ணைக் கால்வாய் ஓரத்திலேயே குவித்தால் முதல் மழையில் அது திரும்ப உள்ளே வந்துவிடும். இரண்டடி தள்ளிப் போட்டு மட்டப்படுத்துங்கள்.

வயலுக்கு வண்டல் எடுக்கலாமா? எவ்வளவு?

எடுக்கலாம், இலவசம். அனுமதி வேண்டும். 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது, இணையவழி விண்ணப்பம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90, வீட்டுத் தேவைக்கு 30, மண்பாண்டத் தொழிலுக்கு 60 என்பது 2017-ல் வகுத்த அளவு. டிராக்டர் நடையில் சொன்னால் 25, 30, 10, 20.

செம்மண், மணற்பாங்கான நிலத்துக்கு வண்டல் அருமையானது, ஈரம் நிற்கும். ஏற்கெனவே களியாக இருக்கும் கரிசலில் கொட்டிப் பயன் குறைவு. சித்திரை, வைகாசியில் அடித்துப் பரப்பி, கட்டிகள் வெயிலில் வெடித்து உதிர்ந்தபின் உழுங்கள். ஈரக்கட்டியை உடனே உழுதால் அது செங்கல் மாதிரி வயலிலேயே கிடக்கும்.

தோண்டக்கூடாத இடம் உண்டா?

உண்டு. கரையடியை ஒட்டித் தோண்டக்கூடாது. வண்டிக்குப் பக்கம் என்று அங்கேதான் பொக்லைன் நிற்கும். கரையின் எடையைத் தாங்குவது அந்த அடிமண். அதை எடுத்தால் தண்ணீர் இறங்கும்போது உட்சரிவு அப்படியே வழுக்கும். களிப்படலத்தைத் தாண்டிச் சரளை, மணல் தெரியும்வரை போகக்கூடாது; களிதான் கண்மாயின் அடித்தட்டு, அது ஓட்டையானால் தண்ணீர் நிற்காது. மடை மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. கோடையில் மாட்டுக்கும் மீனுக்கும் பக்கத்துக் கிணற்றுக்கும் அது உதவும், அந்த நோக்கத்தில் ஓரிடத்தில் செய்யலாம்.

ஆனால் செங்குத்தாக வெட்டிய குழி கொலைக்குழி. முழங்கால் தண்ணீரில் நடந்து வருகிற பிள்ளை அடுத்த அடியில் பத்தடி ஆழத்துக்குள் போய்விடும். மேலே கலங்கல் தண்ணீர், ஒன்றும் தெரியாது. குழியின் ஓரங்களை ஒன்றுக்கு மூன்று என்ற சரிவில் (ஓரடி ஆழத்துக்கு மூன்றடி அகலம்) சாய்த்து முடித்த பிறகே இயந்திரத்தை வெளியே விடுங்கள். எங்கே குழி இருக்கிறது என்பதைத் தண்ணீர் வருமுன் மூங்கில் நட்டுத் துணி கட்டிக் காட்டுங்கள்.

கலுங்கில் மணல் மூட்டை அடுக்கினால் ஒரு அடி கூடுதலாக நிற்குமே?

நிற்கும். அதனால்தான் ஊருக்கு ஊர் செய்கிறார்கள், அதனால்தான் கரை உடைகிறது.

கலுங்கின் தலைமட்டம்தான் கண்மாயின் முழு நீர்மட்டம். அதற்கு மேல் கரை உயரமாக விட்டிருப்பது, பெருமழையில் கலுங்கு மேல் இரண்டடி மூன்றடி தண்ணீர் புரண்டு ஓடுவதற்கான இடம். மூட்டை அடுக்கும்போது அந்த இடத்தைத்தான் தின்கிறோம். இரவு மேல்கண்மாய் உடைந்தால் வருகிற வெள்ளத்துக்குப் போக வழியில்லை; கரையின் தாழ்ந்த இடத்தில் ஏறி இறங்கும். மண்கரை மேல் தண்ணீர் ஏறினால் அரை மணி நேரம் போதும். இன்னொரு பக்கம், உள்வாய்ப் பட்டாக்காரர் பயிர் மூழ்கும், கீழ்க்கண்மாய்க்கு மறுகால் வராது. கீழூர்க்காரர் இரவில் வந்து மூட்டையைத் தள்ளுவார். அங்கே தொடங்குகிற பகை பல ஆண்டு நீளும்.

பழைய கலுங்குகளில் வரிசையாகக் கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழை முடியும் தறுவாயில், கடைசித் தண்ணீரைப் பிடிக்க அந்தக் கற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் வைப்பார்கள். மார்கழி பிறந்து வானம் வெளுத்தபின் செய்ய வேண்டியதை ஐப்பசியில் செய்வதுதான் தவறு. கட்டாயம் உயர்த்த வேண்டுமென்றால் கரையையும் சேர்த்து உயர்த்தும் மதிப்பீட்டைப் பொறியாளர் போட வேண்டும், கீழூரின் ஒப்புதலோடு.

மடை மூடியும் கசிகிறது. சின்னக் கசிவுதானே?

20 லிட்டர் வாளியைக் கசிவில் பிடியுங்கள். 10 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 2 லிட்டர். நாளைக்கு 172 கன மீட்டர், நூறு நாளில் 17,000 கன மீட்டருக்கு மேல். மூன்றரை ஏக்கர் நெல்லுக்கான தண்ணீர் அது.

இரும்புக் கதவு மடை என்றால் கதவு உட்காரும் காடியில் கல், குச்சி மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிக் கசிவு அதில் தீரும். ஆடி மாதத்தில் கண்மாய் வறண்டிருக்கும்போது திருகுத் தண்டைத் துடைத்து கிரீஸ் போட்டு, முழுதும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். துருவேறிய தண்டை நிறை தண்ணீரில் கடப்பாரை போட்டுத் திருக்கினால் தண்டு முறியும், மடை திறந்தபடியோ மூடியபடியோ நின்றுவிடும். கதவு சரியாக இருந்தும் கரையின் வெளிப்புறத்தில் மடைக்குழாயின் பக்கவாட்டில் ஈரம் கண்டால் அது கதவுக் கசிவில்லை. குழாய்ச் சுவரை ஒட்டித் தண்ணீர் வழி தேடுகிறது. அது ஆபத்து, அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

தென்மாவட்டங்களில் சில இடங்களில் கல்லால் ஆன குமிழித்தூம்பு இன்னும் நிற்கிறது: கண்மாய்க்குள் இரண்டு கல்தூண், நடுவில் தொட்டி, மேலே தண்ணீர் இறங்கும் நீரோடித் துளை, அடியில் மண்ணை வெளியே தள்ளும் சேறோடித் துளை. புது மடை கட்டும்போது அதை இடிக்கச் சொல்லாதீர்கள். மடைக்கு அது இடைஞ்சலில்லை, சிலவற்றில் கல்வெட்டும் இருக்கும்.

கரையின் வெளிப்பக்கம் ஊற்று எடுக்கிறது. என்ன செய்வது?

முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இருந்தால் கசிவு. கண்காணிக்க வேண்டும், அலற வேண்டாம். கலங்கலாக இருந்தால், டம்ளர் அடியில் மண் படிந்தால், கரைக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது. அது உடைப்பின் தொடக்கம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-க்குச் சொல்லிவிட்டு, ஆளைத் திரட்டுங்கள்.

வெளியே வரும் வாயைக் களிமண்ணால் அடைப்பது எல்லோரும் செய்கிற தவறு. உள்ளே அழுத்தம் ஏறி வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். வெளிவாயில் தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது. ஊற்றின் மேல் பெருமணல் அரையடி, அதன் மேல் சிறு ஜல்லி அரையடி, மேலே பெரிய கல். சுற்றிலும் மணல் மூட்டையால் கிணற்று உறை மாதிரி வளையம் கட்டித் தண்ணீரை உள்ளே ஏற விடுங்கள். அந்த எடையே அழுத்தத்தைக் குறைக்கும். சிறிது நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டால் வேலை சரி.

அடைக்க வேண்டியது தண்ணீர் கரைக்குள் நுழையும் வாய். கரையின் உட்பக்கம் தண்ணீரில் சிறு சுழி தெரிகிறதா என்று பாருங்கள், வைக்கோல் துரும்பைத் தூவினால் இழுத்துக்கொண்டு போகும். அங்கே தார்ப்பாயை விரித்து இறக்கி, களிமண் மூட்டைகளால் அமுக்குங்கள். தண்ணீரில் இறங்குகிறவர் இடுப்பில் கயிறு இல்லாமல் இறங்கக்கூடாது. மூட்டையை முழுக்க நிரப்பாமல் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பித் தைத்தால்தான் ஒன்றோடொன்று படிந்து உட்காரும். முட்டமுட்டக் கட்டிய மூட்டை உருளும், இடுக்கில் தண்ணீர் போகும். கூடவே மடைகளைத் திறந்து மட்டத்தை இறக்குங்கள், கீழூருக்குச் சொல்லிவிட்டு.

இவற்றில் பெரும்பாலானது நண்டு வளை, பெருச்சாளி வளை, பட்டுப்போன மரவேர் விட்ட பொந்து ஆகியவற்றில் தொடங்குவது. ஆவணியில் கரை முழுக்கச் செடி அறுத்துவிட்டு நடந்தால் வளைகள் தெரியும். வாயில் மட்டும் மண்ணை அப்பாமல், வளை முடியும்வரை வெட்டித் திறந்து, ஈரக் களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து நிரப்ப வேண்டும்.

கரையில் மரம் வைக்கலாமா? சீமைக்கருவேலத்தை என்ன செய்வது?

பனை வைக்கலாம். அதன் வேர் நார்நாராகக் கொத்தாக இறங்கும், தடித்த ஆணிவேர் இல்லை. பட்டுப்போனாலும் பெரிய பொந்து விடாது. ஆல், அரசு, வேம்பு கரையின் கீழே, தள்ளி இருக்கட்டும். அய்யனார் கோயில் மரத்தை விடுங்கள். அது பெரும்பாலும் கரைக்கோடியில் மேட்டு நிலத்தில் இருக்கும்.

சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் துளிர்க்கும். தரைக்குக் கீழே ஒன்றரை அடிவரை தோண்டி வேரோடு எடுக்க வேண்டும். கரை மேல் இருப்பதை மழைக்காலத்தில் இயந்திரத்தால் பிடுங்காதீர்கள். கோடையில் எடுத்து, குழியை இடித்து நிரப்புங்கள். எடுத்த இடத்தில் அடுத்த மழையில் நாற்றுகள் நூற்றுக்கணக்கில் முளைக்கும், ஆடு மாடு தின்ற நெற்றின் விதை சாணத்தோடு விழுந்தது. சுண்டுவிரல் உயரத்தில் கையால் பிடுங்கினால் ஒரு ஆள் வேலை. ஒரு வருடம் விட்டால் மறுபடி பொக்லைன்.

நாட்டுக் கருவேலத்தை அதனோடு சேர்த்து வெட்டிவிடாதீர்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, நெற்று மணிமாலை மாதிரி இடையிடையே நெரிந்திருக்கும். சீமையின் பூ நீளக் கதிர், நெற்று நெரிவு இல்லாத பட்டை. பறவைகள் கூடு கட்டுவது நாட்டுக் கருவேலத்தில்தான் அதிகம்.

மடையை எப்போது, எந்த முறையில் திறப்பது?

ஊர்க்கூட்டம் முடிவு செய்யும், நீர்பாய்ச்சி திறப்பார். நீர்க்கட்டி, மடைக்குடும்பன், மடையர் என்று பெயர் ஊருக்கு ஊர் வேறு. கூலி பெரும்பாலும் அறுவடையில் ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று. அந்த வேலையைச் சிறுமையாக நினைத்ததால்தான் பல ஊர்களில் அடுத்த தலைமுறை வரவில்லை. நீர்பாய்ச்சி இல்லாத ஊரில் தலைமடைக்காரர் இரவில் தானே திறந்துகொள்வார். கூலியைக் காலத்துக்கேற்ப உயர்த்துங்கள்.

தண்ணீர் நிறைய இருக்கும்போது முறை தேவைப்படாது. பாதிக்குக் கீழ் இறங்கியதும் முறைப்பாசனம்: கடைமடையிலிருந்து தொடங்கி மேலே வருவது. கடைமடை நனைந்துவிட்டால் நடுவில் உள்ளவருக்குப் பயமில்லை. தலைமடையில் தொடங்கினால் ஒவ்வொருவரும் தேவைக்கு மேல் கட்டி வைப்பார்கள். கதிர் வரும் பருவத்துக்கு ஒரு நனைப்பு மிச்சம் வைத்துக் கணக்கிடுங்கள்.

நிலம் இல்லாதவர்களுக்குக் கண்மாயில் என்ன இருக்கிறது?

நிறைய. மாடு ஆடு குடிப்பது, துணி வெளுப்பது, விறகு, கோரை, அயிரை மீன், கோடையில் உள்வாய்ப் புல். கீதாரிகள் (ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்கள்) கிடை போடும்போது ஆடுகளுக்குத் தண்ணீர் இங்கே. மண்பாண்டம் செய்யும் வேளாருக்கு மண் இங்கே: சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் புரவியெடுப்புத் திருவிழாவுக்குப் பிடிமண் கொடுத்த பிறகுதான் அய்யனாருக்குக் குதிரை செய்யத் தொடங்குவார்கள். ஊர்க் கிணறுகள் ஊறுவதும் கண்மாயால்தான். ஆனால் பாசனதாரர் சங்கத்தில் ஓட்டு நிலம் வைத்திருப்பவருக்கு. எனவே வண்டல் எந்த மூலையில், மீன் குத்தகை எப்படி, கோடைத் தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்ற மூன்றையும் கிராம சபையில் வைத்துப் பேச வேண்டும். அங்கே எல்லோருக்கும் வாய் உண்டு.

மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) குத்தகையில் என்ன எழுத வேண்டும்?

எந்த மட்டத்துக்குக் கீழ் தண்ணீரை வடிக்கக்கூடாது என்பதை முதலில் எழுதுங்கள். மீன் பிடிக்க வசதியாகக் குத்தகைதாரர் மாசியில் மடையைத் திறந்துவிடுவதுதான் எல்லாத் தகராறுக்கும் வேர். மடைச்சாவி நீர்பாய்ச்சியிடமே இருக்கும், விஷம், வெடி கிடையாது, ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக்கூடாது (அரசு தடை செய்தது, விராலையும் கெண்டையையும் தின்று தீர்க்கும்) என்பவையும் எழுத்தில் வேண்டும்.

குஞ்சு விடுவது ஹெக்டேருக்குச் சுமார் 2,000, விரல் நீளம் இருக்க வேண்டும். கட்லா 40, ரோகு 30, மிர்கால் 30 என்ற சதவீதம் பொருந்தும். மறுகால் நின்றபின் விடுங்கள். கலுங்கில் வலை கட்டி வைத்தால் சருகு அடைத்து, மணல் மூட்டை செய்த வேலையை வலை செய்யும். குஞ்சு வந்த பையைக் கால் மணி நேரம் கண்மாய்த் தண்ணீரில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானபின் வாயைத் திறந்து அவையாக வெளியேற விடுங்கள்.

மீன்பிடித் திருவிழா நடத்தக் குத்தகை விடாமல் வைக்கலாமா?

பல ஊர்களில் அப்படித்தான். அறுவடை முடிந்து தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும், சுற்று ஊர்களுக்குச் சொல்லி, பெரியவர் ஒருவர் கரையில் நின்று துண்டை வீசியதும் எல்லோரும் இறங்குவார்கள். கையில் ஊத்தா: மேலே குறுகி, கீழே அகன்று, இரண்டு பக்கமும் திறந்த மூங்கில் கூடை. கலங்கிய தண்ணீரில் சட்டென்று குத்தி வைத்து, உள்ளே மீன் முட்டுவது கையில் தெரிந்ததும் மேல்வாய் வழியே கையை விட்டு எடுப்பது. பிடித்தது பிடித்தவருக்கு. விற்பதில்லை, வீட்டில் குழம்பு. இறங்குமுன் குழி இருக்கும் இடங்களைக் கயிறு கட்டித் தடுத்துவிடுங்கள்.

பறவைகள் வந்து மீனைத் தின்கின்றன. விரட்டலாமா?

வேண்டாம். எச்சம் விழுந்த தண்ணீர் உரத் தண்ணீர். வேடந்தாங்கல் விவசாயிகள் இதை இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிந்து பறவைகளைக் காத்து வருகிறார்கள். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977-ல் சரணாலயம் ஆயின. அங்கே பறவைகள் கூட்டில் இருக்கும் காலம் என்பதால் தீபாவளிக்கு ஊரே வெடி வெடிப்பதில்லை.

ஆக்கிரமிப்புக்கு என்ன வழி?

ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தனிச் சட்டம் இருக்கிறது. நீர்நிலையை வேறு பயனுக்கு மாற்றக்கூடாது என்று 2001-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. முதல் படி அளவை: 'அ' பதிவேடு நகல், புலப்படம், புகைப்படம் மூன்றையும் வைத்து வட்டாட்சியரிடம் அளந்து எல்லைக்கல் நடக் கேளுங்கள். ஆள் பெயரைச் சொல்லாமல் புல எண்ணைச் சொல்லிக் கேட்பது நல்லது, சண்டை தனிப்பட்டதாக மாறாது. குடிசை போட்டிருப்பவரிடம் பேசும்போது மாற்று இடத்துக்கான மனுவையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள். வேலி போட்டு நூறு தென்னை வைத்தவரும் அவரும் ஒன்றல்ல.

சங்கம் என்ன பதிவு வைத்துக்கொள்ள வேண்டும்?

மடைச் சுவரில் கால் அடிக்கு ஒரு கோடு வீதம் பெயின்ட் அடித்து எண் எழுதுங்கள். பூஜ்யம் மடை மட்டம், மேலே கலுங்கு மட்டத்துக்குச் சிவப்புக் கோடு. ஒரு தடித்த நோட்டில் வாரம் ஒருமுறை, மழைக்காலத்தில் தினமும்: தேதி, மட்டம், மழை, வரத்துக்காலில் தண்ணீர் வந்ததா, எந்த மடை எத்தனை மணி நேரம் திறந்தது, மறுகால் தொடங்கிய நாள், நின்ற நாள். எழுதுகிறவர் கையெழுத்து. மறுகால் தேதிகளைக் கீழூர்ச் சங்கத்தின் நோட்டோடு வருடம் ஒருமுறை ஒப்பிட்டு, இரண்டு தரப்பும் கையெழுத்திடுங்கள். நோட்டு தலைவர் வீட்டில் இருக்க வேண்டாம், ஊராட்சி அலுவலகத்தில் இருக்கட்டும். பக்கங்களை மாதம் ஒருமுறை செல்போனில் படமெடுத்து இரண்டு பேர் வைத்துக்கொள்ளுங்கள்.